பூனைக்குப் பனடோல் வேண்டாம், எழுவைதீவுக்கு ஒரு மிருக வைத்தியர் நாள் வேண்டும்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. பாதியில் விட்டுப் போகிறவர்கள் இந்த முதல் விடயத்தை மட்டுமாவது வாசித்துவிட்டுப் போங்கள்: பூனை சாப்பிடாமல் கிடந்தாலும், சத்தி எடுத்தாலும், உடம்பு சுட்டாலும் அதற்குப் பனடோல் கொடுக்க வேண்டாம். பாதியும் வேண்டாம், காலும் வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாணியும் வேண்டாம்.

ஏன் இதை எழுத வேண்டி வந்தது? "சேர், பூனை ரெண்டு நாளாய்ச் சாப்பிடேல்லை, சத்தி எடுக்குது, என்ன குடுக்கிறது?" இந்தக் கேள்வியை வகுப்பில் பிள்ளைகளும் இறங்குதுறையில் பெற்றோரும் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நான் மிருக வைத்தியன் இல்லை, ஆசிரியன். ஆனால் இந்தத் தீவில் கேட்பதற்கு வேறு ஆள் இல்லாதபடியால் வாத்தியாரிடம் வருகிறார்கள். அந்த இல்லாமையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் பனடோல். பனடோலில் இருக்கும் பரசிற்றமோலை எங்கள் ஈரல் உடைத்து வெளியே அனுப்பிவிடும். அதற்குத் தேவையான இரசாயன வேலை பூனையின் ஈரலில் மிகக் குறைவாகத்தான் நடக்கும். உடையாத மருந்து நஞ்சாக மாறி, இரத்தம் ஒட்சிசனைக் காவிச் செல்லும் சக்தியைக் கெடுக்கும். பூனையின் முரசு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது கபிலமாகவோ நீலமாகவோ மாறும். மூச்சு இழுக்கும், முகமும் பாதமும் வீங்கும். மூன்று, நான்கு கிலோ பூனைக்கு 500 மில்லிகிராம் குளுசை ஒன்று சாகப் போதும், அதில் ஒரு துண்டும் ஆபத்துத்தான். மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் சில மணித்தியாலங்களுக்குள் கொடுக்க வேண்டும். எங்களுக்கும் அந்த மருந்துக்கும் நடுவில் கடல் கிடக்கிறது.

இந்த ஊரில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். யாருடைய வீடு என்பது தேவையில்லை. பூனை ஒரு நாள் முழுக்க உண்ணவில்லை, நுரை நுரையாகச் சத்தி எடுத்தது. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்து ஒரு தாய் பாதிக் குளுசையைக் கரைத்துப் பருக்கினார். அடுத்த நாள் பின்னேரம் பூனை இல்லை. அந்தத் தாய் தன் பிள்ளைக்கு என்ன செய்வாரோ அதைத்தான் பூனைக்கும் செய்தார். அன்பில் குறை இல்லை. தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். பூனை முதல் நோயில் செத்ததா, மருந்தில் செத்ததா என்று அந்த வீட்டுப் பிள்ளை என்னிடம் கேட்டது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பார்த்துச் சொல்லக்கூடியவர் எவரும் வரவில்லையே.

அடுத்தது, நாங்கள் அதிகம் கவனிக்காத ஒன்று. பூனை சத்தி எடுத்தால் பயப்படுகிறோம், உண்ணாமல் கிடந்தால் "பசிச்சால் தின்னும்" என்று விடுகிறோம். நாய்க்கு ஒரு நாள் பட்டினி பெரிய பாதகமில்லை. பூனைக்கு அப்படியில்லை. பூனை உண்ணாமல் விட்டால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து ஈரலுக்குப் போய் அங்கேயே தேங்கும், ஈரல் அதைச் சமாளிக்க முடியாமல் திணறும். இரண்டு மூன்று நாள் பட்டினியே இதைத் தொடக்கிவிடலாம், கொழுத்த பூனைக்கு ஆபத்து இன்னும் கூட. பிறகு கண்ணும் காதின் உட்புறமும் மஞ்சளாகும். அந்த நிலையில் பசித்தாலும் அது தின்னாது, ஏனென்றால் இப்போது பட்டினியே நோயாகிவிட்டது. ஆகவே வளர்ந்த பூனை ஒரு முழு நாள் எதுவும் தொடவில்லை என்றால் அது பிகு பண்ணுவதாக நினைக்க வேண்டாம். குட்டியென்றால் அரை நாளே கூட.

சத்தியும் உண்ணாமையும் ஒரே நோயின் பெயரல்ல, பல நோய்களின் வாசல். எங்கள் தீவுக்குப் பொருத்தமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

பச்சை மீன்: கரைக்கு வள்ளம் வந்ததும் பூனைகள் கூடும், நாங்களும் கழிவு மீனை எறிவோம். எப்போதாவது தின்றால் பரவாயில்லை. ஆனால் சாளை, நெத்தலி இனங்களைச் சேர்ந்த சில மீன்களில் பி1 விற்றமினை அழிக்கும் ஒரு பொருள் இருக்கிறது. நாளும் பொழுதும் பச்சை மீனே சாப்பாடாக இருந்தால் பசி குறையும், சத்தி வரும், பிறகு தலை முன்பக்கம் கவிழும், வலிப்பும் வரலாம். அவித்தால் அந்தப் பொருள் அழிந்துவிடும். ஒரு கொதி காணும்.

தங்கூசியும் தூண்டிலும்: மீன் மணக்கும் தங்கூசித் துண்டைப் பூனை விழுங்கும். அது குடலைச் சுருக்கிக் கிழிக்கும். வாயிலிருந்தோ பின்பக்கத்திலிருந்தோ நூல் தொங்கினால் இழுக்க வேண்டாம். உள்ளே குடல் அறுந்து போகும். அப்படியே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வலை திருத்துகிற இடத்தில் விழும் துண்டுகளை ஒரு பழைய ரின்னுக்குள் போட்டு வைப்பது நல்லது.

பேத்தை: வலையில் வரும் பேத்தை மீன் மனிதரையே கொல்லும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கரையில் அதை எறிந்துவிட்டுப் போகாமல் புதைத்துவிடுங்கள்.

நஞ்சு: எலிப் பாசாணம் தின்ற எலியைப் பூனை தின்றாலும் ஆபத்து உண்டு. தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து காலில் பட்டு, அதைப் பூனை நக்கினாலும் உண்டு. நாய்க்கு உண்ணி போக்கப் பூசும் சில மருந்துகள் பூனைக்குக் கொடிய நஞ்சு. பூச்சிக்கென்று உள்ளிச்சாறு பருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளியும் வெங்காயமும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். கார்த்திகைப் பூச்செடியின் கிழங்கும் நஞ்சுதான்.

குட்டிகளின் கொள்ளை நோய்: ஒரே நேரத்தில் பல குட்டிகள் சத்தி எடுத்து, வயிற்றாலும் போய், இரண்டு மூன்று நாளில் சாகின்றனவா? பூனைகளின் பார்வோ வைரசாக இருக்கக்கூடும். தடுப்பூசி உண்டு. இந்த வைரசு ஒரு வருடம் வரை கூட மண்ணிலும் சாக்கிலும் உயிரோடு கிடக்கும். செத்த குட்டி படுத்த சாக்கில் அடுத்த குட்டியைப் படுக்க வைக்க வேண்டாம்.

கடுவன் பூனை: திரும்பத் திரும்ப இருந்து முக்குகிறது, சலம் வரவில்லை, கத்துகிறது, பிறகு சத்தி எடுக்கிறது என்றால் சலம் அடைத்துவிட்டது. மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் பருக்கி நேரத்தை விடாதீர்கள். ஒன்று இரண்டு நாளில் உயிர் போகும்.

வயதான பூனை: பத்து வயது தாண்டியது, மெலிகிறது, தண்ணீர் நிறையக் குடிக்கிறது, அடிக்கடி சத்தி எடுக்கிறது என்றால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்கலாம். இது முற்றாக மாறாது. ஆனால் சரியான கவனிப்போடு நிம்மதியாக நாட்கள் ஓடும்.

வீட்டில் என்ன செய்யலாம்? ஒருமுறை மயிர் உருண்டையைக் கக்கிவிட்டு வழமைபோல ஓடித் திரிகிற பூனைக்கு எதுவும் தேவையில்லை. இரண்டு மூன்று தரம் சத்தி எடுத்த வளர்ந்த பூனையைச் சில மணித்தியாலம் அமைதியான, நிழலான இடத்தில் விடுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி வையுங்கள். வாயைத் திறந்து ஊற்ற வேண்டாம், சுவாசப்பைக்குள் போய்விடும். பிறகு உப்பும் தூளும் போடாமல் அவித்த மீனையோ கோழி இறைச்சியையோ முள், எலும்பு எடுத்து, விரல் நுனியளவு, இளஞ்சூட்டில் வையுங்கள். பூனை மணத்தை வைத்துத்தான் சாப்பாட்டை அறியும். ஆறிப்போனதற்கு மணம் இல்லை. பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றாலே போகும். பிடரித் தோலை மெல்லத் தூக்கி விட்டுப் பாருங்கள். உடனே படியாமல் கூடாரம்போல நின்றால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது.

எப்போது படகு ஏற வேண்டும்? ஒரு நாளுக்கு மேல் உண்ணாவிட்டால், தண்ணீரும் நிற்காமல் சத்தியாக வந்தால், சத்தியில் இரத்தம் இருந்தால், முரசு வெளிறினால், மஞ்சளானால் அல்லது கபிலமானால், சலம் போகாவிட்டால், நஞ்சோ நூலோ உள்ளே போனது தெரிந்தால், குட்டியாக இருந்தால். என்ன தின்றது, எப்போது தொடங்கியது, எத்தனை தரம் என்பதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். சத்தியை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அருவருப்பாக இருந்தாலும் வைத்தியருக்கு உதவும்.

பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. உண்ணாமல், எச்சில் வழிய, வழமைக்கு மாறாகச் சீறிக்கொண்டோ ஒளிந்துகொண்டோ இருக்கும் பூனையின் வாய்க்குள் விரல் வைக்கக் கூடாது. விசர்நோய் நாய்க்கு மட்டும் வருவதல்ல, பூனையாலும் பரவும். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, தாய் தகப்பனுக்கு ஒளிக்காமல் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏச்சுக்குப் பயந்து மறைப்பதுதான் பெரிய ஆபத்து. பெற்றோரே, ஏசாதீர்கள்.

இனி, என்னிடம் நேரே சொல்லப்பட்ட ஒரு கேள்விக்கு வருகிறேன். "இஞ்ச இரவிலை ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி வந்தால் கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிறம். நீங்கள் பூனைக்கு டொக்டர் கேக்கிறியளோ சேர்?"

நியாயமான கேள்வி. கச்சான் காற்றுக் காலத்தில் நோயாளியைப் படகில் ஏற்றி அனுப்பிய எவரும் அப்படித்தான் கேட்பார்கள். மனிதருக்கான வைத்தியமும் படகும் முதலில் வரவேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மிருக வைத்தியர் வராவிட்டால் மனித வைத்தியர் கூடுதலாக ஒருவர் வந்துவிடப் போவதில்லை. இரண்டும் வேறு திணைக்களம், வேறு ஆட்கள். இங்கே ஆடு, மாடு, கோழி இருக்கின்றன. அவை பல வீடுகளுக்கு வங்கிப் புத்தகம் மாதிரி. ஆட்டைப் பார்க்க வருகிற அதே ஆள், அதே நாள், பூனையையும் பார்க்கலாம். நான் கேட்பது பூனைக்குத் தனி ஆஸ்பத்திரி அல்ல.

பூனையை வெறும் செல்லம் என்று தள்ளுவதும் சரியில்லை. வலையை எலி கடித்தால் நட்டம் யாருக்கு? 2024 டிசம்பரில் மழை வெள்ளத்தோடு யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனதை மறந்துவிட்டோமா? பூனை இருந்தால் எலிக்காய்ச்சல் வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பூனை இல்லாத வீட்டில் எலிக்குக் கொண்டாட்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மீன்பிடித் தீவில் பூனையின் நோயை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பானில் மினமாட்டா என்றொரு கடற்கரை ஊர். 1950களில் அங்கே பூனைகள் தள்ளாடி, வலித்து, கடலுக்குள் விழுந்து செத்தன. ஆட்கள் அதைப் புதினமாகப் பார்த்தார்கள். பிறகு அதே நோய் மீனவக் குடும்பங்களுக்கு வந்தது. 1956 மே 1ஆம் திகதிதான் அது நோயாக அதிகாரபூர்வமாகப் பதியப்பட்டது. தொழிற்சாலைக் கழிவிலிருந்து கடலில் கலந்த பாதரசம், மீன் வழியாகப் பூனைக்கும் மனிதருக்கும் போயிருந்தது. நாங்கள் தின்னும் மீனைத்தான் எங்கள் பூனையும் தின்னுகிறது. எங்கள் கடலில் அப்படி நடக்கிறது என்று பயமுறுத்தவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் பல பூனைகள் விழுந்தால், ஏன் என்று கேட்கவும் பார்க்கவும் ஒருவர் இருக்க வேண்டும்.

எங்களைப்போல இன்னொரு தீவு சைப்பிரஸ். எங்களைவிட எத்தனையோ மடங்கு பெரியது, பூனைகளுக்குப் பெயர்போனது. 2023இல் அங்கே பூனைகளுக்கு ஒருவகைக் கொரோனா நோய் பரவியது. காய்ச்சல், உண்ணாமை, வயிறு வீங்குதல் எல்லாம் இருந்தன. மனிதருக்கென்று வாங்கி வைத்து மிஞ்சியிருந்த கோவிட் குளுசைகளைப் பூனைகளுக்குப் பயன்படுத்த அந்த நாட்டு அரசாங்கம் அந்த ஓகஸ்ட் மாதம் அனுமதி கொடுத்தது. இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். அதுவும் மனித மருந்துதான். ஆனால் நோயைப் பார்த்து, நிறைக்கேற்ற அளவை மிருக வைத்தியர்கள் முடிவு செய்தார்கள். எங்கள் வீட்டுப் பனடோலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

"உங்கட மார்க்கத்திலை பூனைக்கு மரியாதை எண்டு சொல்லுகினம், அதுதான் சேர் எழுதுறார்" என்று யாராவது நினைக்கலாம். மறுக்கவில்லை. நபித்தோழர் அபூஹுரைராவின் பெயருக்கே பூனைக்குட்டியின் தகப்பன் என்றுதான் அர்த்தம். ஒரு பெண் பூனையைக் கட்டி வைத்துத் தீனியும் போடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டாள் என்று ஹதீஸில் வருகிறது. அவள் அதை அடித்ததாக அதில் இல்லை. கட்டி வைத்தாள், கவனிக்கவில்லை. தீவில் வளரும் பூனையும் அப்படித்தான். கடலைத் தாண்டி அது எங்கும் போக முடியாது. எங்கள் கையை விட்டால் அதற்கு வேறு வழி கிடையாது.

ஆனால் இது ஒரு மார்க்கத்தின் கதை மட்டுமல்ல. இங்கே கோயில் திருவிழாவில் மயிலுக்கும் சேவலுக்கும் மரியாதை இருக்கிறது, வைரவர் பக்கத்தில் நாய் நிற்கிறது. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை கைவிடப்பட்ட நாய்களுக்குச் சரணாலயமே நடத்துகிறது. நெடுந்தீவுக் குதிரைகள் வரட்சியில் தண்ணீர் இல்லாமல் விழுந்தபோது பதைத்தவர்கள் எல்லாச் சமயத்திலும் இருந்தார்கள். பூனைக்கு மட்டும் எங்களிடம் கெட்ட சகுனமும் நாலு பழமொழியும்தான் மிச்சம்.

நான் கேட்பது நாலு விடயம்.

ஒன்று, மாதத்தில் ஒரு நாளாவது மிருக வைத்தியர் எழுவைதீவுக்கு வர வேண்டும். காலைப் படகில் வந்து பின்னேரப் படகில் திரும்பலாம். மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்துக்கு ஊரின் பெயரில் ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதுவோம். எத்தனை ஆடு, மாடு, கோழி, நாய், பூனை என்று கணக்கெடுத்து இணைத்தால் கடிதத்துக்குப் பலம் வரும். கணக்கெடுப்பை மேல் வகுப்புப் பிள்ளைகள் செய்வார்கள், கணிதத்துக்கும் அது நல்ல பயிற்சி.

இரண்டு, இலங்கையில் மிருக வைத்தியப் படிப்பு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே படித்து வெளியே வந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், தொலைபேசியில் படம் பார்த்து ஆலோசனை சொல்ல முன்வாருங்கள். "இது படகு ஏற வேண்டியது, இது வீட்டில் பார்க்கலாம்" என்று பிரித்துச் சொன்னாலே பாதிப் பூனை தப்பும்.

மூன்று, கருத்தடை. பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும், இரண்டு மாதத்தில் ஈனும், அதே வருடத்தில் மறுபடியும் ஈனும். பிறகு குட்டிகளைச் சாக்கில் போட்டு யாரோ ஒருவரின் கரையில் விடுகிறோம். வைத்தியர் வரும் நாளில் கருத்தடையும் விசர்நோய்த் தடுப்பூசியும் நடந்தால், நோயில் சாகும் குட்டிகளின் எண்ணிக்கையே குறையும். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு உதவ விரும்புகிறவர்கள் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் கொடுப்பதில் ஒரு சிறு பங்கை இதற்கும் ஒதுக்கலாம்.

நான்கு, காசே தேவையில்லாதது. படகில் ஒரு பிள்ளை கடகத்துக்குள் நோய்ப் பூனையோடு ஏறினால் சிரிக்காதீர்கள். ஊர்காவற்றுறையில் இறங்கி, பேருந்தேறி, பண்ணைப் பாலம் தாண்டி, யாழ்ப்பாணத்தில் வைத்தியரைப் பார்த்து, கடைசிப் படகைப் பிடிக்கும் பயணம் அது. ஒரு நாள் கூலியை விட்டுத் தகப்பன் கூட வந்திருப்பார். "பூனைக்கே இவ்வளவு செலவோ?" என்று கேட்பதற்குப் பதிலாக, கடகத்தை நிழலில் வைக்க இடம் விடுங்கள்.

ஒரு வாயில்லாச் சீவனின் நோயைக் கவனித்து, குறித்து வைத்து, நேரத்துக்குத் தண்ணீர் வைத்த பிள்ளை, நாளைக்குத் தன் பாட்டியின் மருந்து நேரத்தையும் மறக்காது. இதைப் பாடப்புத்தகத்தால் மட்டும் என்னால் சொல்லிக் கொடுக்க முடியாது.

கடிதத்தின் வரைவு பாடசாலையில் இருக்கும். திங்கள் தொடங்கி வந்து வாசித்துக் கையொப்பம் இடலாம். ஆடு மாடு வைத்திருப்போர் கட்டாயம் வாருங்கள். பனடோல் பற்றிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்து அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, புங்குடுதீவு உறவுகளுக்கும் அனுப்பிவிடுங்கள். அங்கேயும் பூனைகள் இருக்கின்றன, அங்கேயும் எல்லா வீட்டிலும் பனடோல் இருக்கிறது.